கார்டியாக் போஸ்டிங் போகும் பிசியோ மாணவர்களுக்கு: இதய நோயும் மறுவாழ்வுப் பயிற்சியும், அடிப்படையிலிருந்து

கார்டியாக் போஸ்டிங், அதாவது இதய வார்டில் பயிற்சிக்கால வேலை என்று பட்டியலில் பெயர் வந்ததும் நம் மாணவர்கள் முதலில் தேடுவது ஃபார்முலாவைத்தான். அதிகபட்ச நாடிக்கு 220லிருந்து வயதைக் கழி, அதில் இத்தனை சதவீதம், வாரத்துக்கு இத்தனை நாள், முடிந்தது. தேர்வுக்கு அது போதும். வார்டில் அதை மட்டும் வைத்துக்கொண்டு நின்றால் ஒன்றும் ஓடாது, ஏனென்றால் இந்த வேலையில் பாதிக்கு மேல் பயிற்சி கொடுப்பது இல்லை, கொடுத்த பயிற்சிக்கு அவர் உடம்பு என்ன பதில் சொல்கிறது என்று பார்ப்பது. நாடி, பிபி, மூச்சு, முகம், அவர் வாயிலிருந்து வரும் வார்த்தை, இவ்வளவும் சேர்ந்ததுதான் அந்தப் பதில்.

ஆகவே போஸ்டிங்குக்கு முந்தின வாரம் ஒரே ஒரு விஷயம் பழகுவதாக இருந்தால், கையால் நாடி பார்க்கவும் சாதாரண பிபி கருவியில் காதால் கேட்டு பிபி எடுக்கவும் பழகுங்கள், அதுவும் நடந்து முடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் ஒருவரிடம். ஹாஸ்டலில் நண்பனை மாடிப்படி ஏறவிட்டு எடுத்துப் பார்க்கலாம். கீழே சொல்லப்போவது எல்லாம் மாணவர்களுக்கான பொது அடிப்படை. உங்கள் யூனிட்டின் நெறிமுறையும், அந்த நோயாளிக்கு டாக்டர் எழுதிய வரம்பும் எப்போதும் இதற்கு மேலே.

நோயைப் பிசியோவின் கண்ணில் பார்ப்பது

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோவது கரோனரி தமனிகள். இடது பக்கத் தமனி இரண்டாகப் பிரிகிறது: முன்பக்கமாக இறங்குவது எல்ஏடி, பக்கவாட்டில் சுற்றிப் போவது சர்கம்ஃப்ளெக்ஸ். வலது பக்கத்தில் ஆர்சிஏ. எல்ஏடி இடது வென்ட்ரிக்கிளின் (உடம்புக்கு ரத்தத்தைத் தள்ளும் கீழறை) முன்சுவருக்கும் நடுச்சுவரின் பெரும்பகுதிக்கும் ரத்தம் தருவதால், அது அடைத்து வந்த அட்டாக் பம்ப் செய்யும் சக்தியை நன்றாகக் குறைத்துவிடும். ஆர்சிஏ அடிச்சுவருக்குப் போகிறது, அதோடு பெரும்பாலானவர்களுக்கு இதயத்தின் மின் முனைகளுக்கும் அதிலிருந்துதான் ரத்தம். கேஸ் ஷீட்டில் 'இன்ஃபீரியர் வால்', அதாவது அடிச்சுவர் அட்டாக் என்று எழுதியிருந்தால், இவரை முதல் முறை எழுப்பி நிறுத்தும்போது நாடி 48க்கு இறங்கலாம், தலை சுற்றலாம் என்று முன்கூட்டியே நினைத்து வையுங்கள். உடற்கூறியல் படித்ததன் பலன் இங்கேதான் தெரியும்.

அடுத்தது, மொத்தப் பயிற்சியும் எதன் மேல் நிற்கிறதோ அந்த விஷயம். கையில், காலில் இருக்கும் தசை ஓய்வில் ரத்தத்திலிருந்து கொஞ்சம் ஆக்சிஜனைத்தான் எடுக்கும், வேலை வந்தால் இன்னும் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ளும். இதயத் தசைக்கு அந்த வசதி கிடையாது, ஓய்விலேயே கிட்டத்தட்ட முக்கால் பங்கை எடுத்துவிடுகிறது. வேலை கூடினால் அதற்கு ஒரே வழி ரத்த ஓட்டம் கூடுவது. இடது வென்ட்ரிக்கிளுக்கோ பெரும்பகுதி ரத்தம் இதயம் விரியும் நேரத்தில்தான் போகிறது, துடிப்பு வேகமானால் அந்த நேரம் சுருங்கும். அதாவது நாடி ஏற ஏறத் தேவை கூடுகிறது, கொடுக்கும் நேரம் குறைகிறது. குழாய் ஏற்கெனவே 70 சதவீதம் அடைத்திருந்தால் ஒரு கட்டத்தில் கணக்கு இடிக்கும். அந்தக் கட்டத்தில் வரும் நெஞ்சு வலிதான் ஆஞ்சைனா.

அந்தக் கட்டத்தை எண்ணாகவே பிடிக்கலாம். நாடியை மேல் பிபியால் பெருக்குங்கள். நாடி 90, மேல் பிபி 130 என்றால் 11,700. இதயத் தசை எவ்வளவு ஆக்சிஜன் கேட்கிறது என்பதற்கு இந்தப் பெருக்குத்தொகை நல்ல அடையாளம். நிலையான ஆஞ்சைனா உள்ள ஒருவருக்கு வலி ஏறக்குறைய ஒரே பெருக்குத்தொகையில்தான் வரும். மூன்று மாதம் பயிற்சி செய்த பிறகு அதே தெருவை அதே வேகத்தில் நடக்கும்போது நாடி 80, பிபி 120 என்று வந்தால் தொகை 9,600. குழாயில் அடைப்பு அப்படியே இருந்தாலும் அவருக்கு வலி வராமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பயிற்சி என்ன செய்யும் என்று நோயாளியின் மகன் கேட்டால் இதைத்தான் எளிமையாகச் சொல்ல வேண்டும்.

நிலையான ஆஞ்சைனாவையும் அட்டாக்கையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. முதலாவது, குறுகிய குழாயில் வேலை கூடும்போது வருவது, உட்கார்ந்தால் சில நிமிடத்தில் போய்விடும். இரண்டாவது, பெரும்பாலும் கொழுப்புப் படிவு வெடித்து அதன் மேல் ரத்தம் உறைந்து வருவது. வெடிக்கிற படிவு பெரிதாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை, பாதிகூட அடைக்காத படிவும் வெடிக்கும். போன மாதம் டிரெட்மில் டெஸ்ட் நார்மல் என்று சொன்னவருக்கு இந்த மாதம் அட்டாக் வருவது இதனால்தான். 'ஸ்டென்ட் வெச்சாச்சே, இனிமே என்ன?' என்று கேட்பவருக்கும் பதில் இதிலேயே இருக்கிறது: ஸ்டென்ட் ஓர் இடத்தைத் திறந்திருக்கிறது, நோய் எல்லாக் குழாயிலும் இருக்கிறது. 52 நாடுகளில் நடந்து 2004ல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு, புகை, கொழுப்பு, சர்க்கரை, பிபி, தொப்பை, மன அழுத்தம், காய்கறி பழம் குறைவு, உடலுழைப்பு இன்மை, மது என்று ஒன்பது காரணிகளையே முதல் அட்டாக்குகளில் மிகப் பெரும்பாலானவற்றோடு தொடர்புபடுத்தியது. தெற்காசியர்களுக்கு முதல் அட்டாக் மற்றவர்களைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. 45 வயதுக்காரர் பெட்டில் படுத்திருப்பதைப் பார்த்து நம் ஊரில் யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

ஹார்ட் ஃபெயிலியர், அதாவது உடம்பின் தேவைக்கு இதயத்தால் ஈடுகொடுக்க முடியாத நிலை, பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. எக்கோ அறிக்கையில் ஈஎஃப் (ஒவ்வொரு துடிப்பிலும் இடது வென்ட்ரிக்கிள் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) 30 என்று பார்த்ததும் இவரால் எதுவும் முடியாது என்று முடிவு கட்டாதீர்கள். ஈஎஃப் எண்ணுக்கும் ஒருவர் எவ்வளவு நடப்பார் என்பதற்கும் தொடர்பு ரொம்பப் பலவீனம். 30 வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றுபவரும் உண்டு, 55 வைத்துக்கொண்டு பாத்ரூம் போய் வருவதற்குள் மூச்சு வாங்குபவரும் உண்டு.

பெட்டுக்குப் போகும் முன் கேஸ் ஷீட்

என்ன நடந்தது, எத்தனையாவது நாள், எந்தக் குழாய், அதில் எதைத் திறந்தார்கள் என்பதை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். எதைத் திறக்காமல் விட்டார்கள் என்பதையும் பாருங்கள். ஆஞ்சியோ ரிப்போர்ட்டில் மூன்று குழாயில் அடைப்பு, ஒன்றில் மட்டும் ஸ்டென்ட் என்றால் மீதி இரண்டும் உங்கள் பயிற்சியின்போது பேசும். ஈஎஃப், ஈசிஜியில் தாளம், இதயத் தசை சேதத்தைக் காட்டும் ட்ரோபோனின் கடைசியாக ஏறுகிறதா இறங்குகிறதா, பொட்டாசியம், சர்க்கரை, ஹீமோகுளோபின். கடைசியாகச் சொன்னதை மாணவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். ரத்தசோகை இருந்தால் அதே குழாய், அதே வேலை, ஆனால் ஆஞ்சைனா சீக்கிரம் வரும். ஸ்டென்ட் கை வழியாகப் போட்டதா தொடை வழியாகவா என்பதும் முக்கியம், துளை போட்ட இடத்தில் வீக்கமோ கசிவோ இருந்தால் நடக்க வைக்கும் முன் நர்ஸிடம் சொல்ல வேண்டும்.

பிறகு மருந்துச் சீட்டு. மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால், கார்வெடிலால் என்று 'லால்' போட்டு முடியும் பீட்டா ப்ளாக்கர்கள் நாடியை ஏறவிடாது, ஆகவே நாடியை மட்டும் நம்பிப் பயிற்சி கொடுக்க முடியாது. சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இவை மறைத்துவிடும், வியர்வை மட்டும் மிஞ்சும், அதனால் சர்க்கரை நோயாளி காரணமில்லாமல் வியர்த்தால் உடனே குளுக்கோமீட்டரை எடுங்கள். ரத்தக் குழாயை விரிக்கும் நைட்ரேட், நீர் போகும் மாத்திரை, பிபி மாத்திரை மூன்றும் சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது பிபி விழும். ரத்தம் உறையாமல் தடுக்கும் டிக்காக்ரெலார் சிலருக்கு மூச்சு முட்டுவதுபோல ஓர் உணர்வைத் தரும், எல்லா மூச்சுத்திணறலும் இதயத்திலிருந்து வருவதில்லை, ஆனால் மருந்தால்தான் என்று முடிவு சொல்வது டாக்டர், நாம் இல்லை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் எடுப்பவருக்குக் கெண்டைக்கால் வலி என்றால் பயிற்சி வலி என்று சமாதானம் சொல்லாமல் ஷீட்டில் எழுதுங்கள்.

நோயாளியின் பேச்சு

பாடப்புத்தகத்தில் ஆஞ்சைனா என்றால் நெஞ்சை நசுக்கும் வலி, இடது கைக்குப் பரவும். நம் நோயாளி வலி என்றே சொல்ல மாட்டார். 'கேஸ் மாதிரி இருக்கு' என்பார். 'நெஞ்சு கரிக்குது', 'அடைக்குது', 'என்னமோ பண்ணுது', 'தாடை இழுக்குது', 'முதுகுல பிடிச்ச மாதிரி'. 'வலி இருக்கா?' என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், அவரைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. ஆகவே தொப்புளுக்கு மேலே தாடை வரைக்கும், இரண்டு கையிலும், முதுகிலும் நடக்கும்போது புதிதாக ஏதாவது வருகிறதா, நின்றால் போகிறதா என்று கேளுங்கள். நடந்தால் வந்து நின்றால் போகும் 'கேஸ்' வயிற்றுக் கேஸ் இல்லை என்று வைத்துக்கொண்டு நடப்பதுதான் பாதுகாப்பு. பல வருடம் சர்க்கரை உள்ளவருக்கு இதுவும் வராமல் மூச்சு வாங்கல், அசதி, திடீர் வியர்வை மட்டும் வரலாம். பெண்களும் களைப்பு, குமட்டல், மூச்சு வாங்கல் என்று சொல்வது உண்டு, 'வேலை அலுப்பு' என்று வீட்டிலேயே தள்ளிப்போட்டுவிட்டுத்தான் மருத்துவமனைக்கே வந்திருப்பார்கள்.

இன்னொரு தொல்லை மரியாதை. பிசியோ முன்னால் முடியாது என்று சொல்ல வயதானவர்கள் கூச்சப்படுவார்கள். 'கஷ்டமா இருக்காங்க ஐயா?' என்றால் 'அதெல்லாம் ஒண்ணுமில்ல தம்பி' என்று வரும். அதைவிட 'இதே வேகத்துல இன்னும் கால் மணி நேரம் நடப்பீங்களா?' என்று கேட்டால் உண்மை வெளியே வந்துவிடும்.

ஃபேஸ் ஒன்று: படுக்கையிலிருந்து வராண்டா வரை

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அட்டாக் வந்தவரை ஆறு வாரம் படுக்கையில் போட்டுவைப்பதுதான் வைத்தியம். 1952ல் அமெரிக்காவில் லெவின், லவுன் என்ற இரு மருத்துவர்கள் நோயாளிகளை நாற்காலியில் உட்கார வைத்ததே அன்றைக்குப் பெரிய துணிச்சல். 1966ல் டல்லஸில் இருபது வயது ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள், உடல் அதிகபட்சமாக ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கால் பங்குக்கு மேல் விழுந்துவிட்டது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரை மறுபடி சோதித்தபோது, அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதம் முப்பது வருட வயது செய்ததைவிட அதிகம் என்று தெரிந்தது. இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், மருத்துவம் மாறிவிட்டது, ஆனால் பெட் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சித்தப்பாவும் அத்தையும் இன்னும் 1952க்கு முன்னால்தான் இருக்கிறார்கள். 'அசையக் கூடாது, தண்ணி நான் எடுத்துத் தர்றேன்' என்பார்கள். ஃபேஸ் ஒன்றில், அதாவது மருத்துவமனையில் இருக்கும் நாட்களில், நோயாளிக்குச் சமமாக அவர்களிடமும் பேச வேண்டியிருக்கும்.

தொடங்கலாமா என்று பார்ப்பது: கடைசி எட்டு மணி நேரத்தில் புதிதாக நெஞ்சு வலி இல்லை, ட்ரோபோனின் ஏறவில்லை, ஃபெயிலியர் மோசமாகவில்லை, ஈசிஜியில் புதிய தாளக்கோளாறோ மாற்றமோ இல்லை. இவ்வளவும் சரி என்றால் படிப்படியாகப் போகலாம். படுத்தபடி கணுக்கால், முழங்கால் அசைவு, மூச்சுப் பயிற்சி. பெட் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்காருவது, இங்கே ஒரு பிபி. நிற்பது, இங்கே இன்னொரு பிபி. நாற்காலி. பாத்ரூம். பிறகு வார்டுக்குள் 30, 50 மீட்டர், அடுத்து வராண்டா, டிஸ்சார்ஜுக்கு முன் ஒரு மாடிப்படி. இதை இத்தனை நாள் என்று கணக்குப் போடாதீர்கள். சிக்கலில்லாமல் ஸ்டென்ட் வைத்தவர் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கே போய்விடுகிறார், ஃபெயிலியரோடு வந்தவர் ஒரு வாரம் பெட் ஓரத்திலேயே இருப்பார்.

வரம்பு எளிது. அட்டாக் வந்தவருக்கு ஓய்வு நாடியிலிருந்து 20க்குள், அறுவை சிகிச்சை செய்தவருக்கு 30க்குள் ஏறினால் போதும். சிரமம் எவ்வளவு என்று நோயாளியே எண்ணில் சொல்லும் போர்க் அளவில் (முழுப் பட்டியல் கீழே ஃபேஸ் இரண்டில்) 13ஐத் தாண்டக் கூடாது. மேல் பிபி ஏற வேண்டிய இடத்தில் 10க்கு மேல் இறங்கினால் அது சின்ன விஷயமில்லை, இதயத்தால் கூடுதல் வேலைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை என்று அர்த்தமாகலாம். உட்கார வைத்துவிட்டு டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள்.

பைபாஸ் நோயாளி

இந்தியாவின் முதல் பைபாஸ் 1975ல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் செய்தது. இன்று மாவட்டத் தலைநகர்களிலும் நடக்கிறது, ஆகவே நீங்கள் எங்கே இன்டர்ன்ஷிப் செய்தாலும் நெஞ்செலும்பில் நீளத் தையலோடு ஒருவரைச் சந்திப்பீர்கள்.

முதல் இரண்டு மூன்று நாள் நம் வேலை நுரையீரல்தான். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுவார், இடது கீழ்ப்பகுதி சுருங்கும், சளி தேங்கும். மூன்று பந்து ஸ்பைரோமீட்டரைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள், பெரும்பாலானவர்கள் அதில் ஊதுவார்கள். இழுக்க வேண்டும், மெதுவாக, மேலே கொண்டுபோய் இரண்டு மூன்று விநாடி பிடிக்க வேண்டும். இருமும்போது ஒரு சின்னத் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வலி மருந்து கொடுத்து அரை மணி கழித்துப் போனால் உங்களுக்கும் அவருக்கும் நிம்மதி.

நெஞ்செலும்பு கூட எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். 'கையைத் தூக்கவே கூடாது' என்று பயமுறுத்தினால் தோள் இறுகிப்போய்த் திரும்பி வருவார். மேல்கை விலாவை ஒட்டியே இருக்கும்படி வைத்துக்கொண்டு வேலை செய்தால் எலும்பின் மேல் இழுவை குறைவு, வலி இல்லாத அளவுக்கு இரண்டு கையையும் சேர்த்து மெதுவாக உயர்த்தலாம். தவிர்க்க வேண்டியது ஒற்றைக் கையால் இழுப்பது, தள்ளுவது, கனம் தூக்குவது. எழுப்பும்போது உறவினர்கள் அக்குளில் கை கொடுத்துத் தூக்குவார்கள், அதை முதல் நாளே நிறுத்துங்கள். ஒருக்களித்துத் திரும்பி, காலைக் கீழே விட்டு, அந்த வேகத்திலேயே எழச் சொல்லிக்கொடுங்கள். வீட்டுக்குப் போகும்போது நம் ஊர் வேலைகளின் பெயரைச் சொல்லியே சொல்ல வேண்டும்: குடம் தூக்குவது, கிணற்றில் இறைப்பது, தேங்காய் துருவுவது, பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடித்துத் தொங்குவது, பைக்கை ஸ்டாண்டு போடுவது. தரையில் உட்கார்ந்து கை ஊன்றி எழுவதும் கொஞ்ச நாள் வேண்டாம், நாற்காலி போட்டுக்கொள்ளட்டும். நெஞ்செலும்பில் 'கடக் கடக்' என்று சத்தமோ அசைவோ, தையலில் கசிவோ, காய்ச்சலோ வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு சர்ஜனிடம். இரண்டாம் மூன்றாம் நாள் திடீரென்று நாடி ஒழுங்கில்லாமல் வேகமாக ஓடினால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனாக (மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் தாளக்கோளாறு) இருக்கலாம், பைபாஸுக்குப் பின் அடிக்கடி வருவது அது. அப்போது 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் தப்பாக வரும், முழு நிமிடம் எண்ணுங்கள், முடிந்தால் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்து.

ஃபேஸ் இரண்டு, டிஸ்சார்ஜுக்குப் பின்: ஃபார்முலா எங்கே இடறுகிறது

ஓர் எடுத்துக்காட்டு எடுத்துக்கொள்வோம். 58 வயது, முன்சுவர் அட்டாக், எல்ஏடியில் ஸ்டென்ட், ஆறு வாரம் ஆகிறது, மெட்டோப்ரோலால் எடுக்கிறார், ஓய்வு நாடி 64. பாடப்படி 220 கழித்தல் 58, அதாவது 162. கார்வோனன் முறையில் ஓய்வு நாடியைக் கழித்தால் 98. அதில் 40 முதல் 60 சதவீதம் எடுத்து 64ஐக் கூட்டினால் 103 முதல் 123. தாளில் அழகாக இருக்கிறது. இப்போது அதே மாத்திரையைப் போட்டுக்கொண்டு டிரெட்மில் டெஸ்ட் செய்தபோது அவர் முடியாமல் நின்ற இடத்தில் நாடி 124 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் 'மிதமான பயிற்சி' என்று எழுதிய மேல் வரம்பு அவருடைய உச்சம்! உண்மையான உச்சத்தை வைத்துக் கணக்குப் போட்டால் மிச்சம் 60, வரம்பு 88 முதல் 100. எவ்வளவு வித்தியாசம் பாருங்கள். அதே டெஸ்டில் 110ல் ஈசிஜி மாறியதாக எழுதியிருந்தால் அதற்கு 10 துடிப்பு கீழே, அதாவது 100ஐத் தாண்டவே கூடாது. பீட்டா ப்ளாக்கர் எடுக்காதவருக்குக்கூட 220 சூத்திரம் பத்துப் பன்னிரண்டு துடிப்பு இப்படியும் அப்படியும் போகும்.

டிரெட்மில் டெஸ்ட் செய்யாமலே வருபவர்கள்தான் நம் ஊரில் அதிகம். அவர்களுக்கு ஓய்வு நாடியோடு 20, அதிகபட்சம் 30 என்று வைத்து, போர்க் அளவில் 11 முதல் 13க்குள் நிறுத்துவது பாதுகாப்பான தொடக்கம். போர்க் அளவு 6ல் தொடங்கி 20ல் முடியும். இதைத் தமிழில் ஒரு அட்டையில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்: 6 சும்மா உட்கார்ந்திருப்பது, 9 ரொம்ப லேசு, 11 லேசு, 13 கொஞ்சம் கஷ்டம், 15 கஷ்டம், 17 ரொம்பக் கஷ்டம், 20 இதற்கு மேல் முடியாது. எண்ணைப் பத்தால் பெருக்கினால் நாடி வரும் என்பது ஆரோக்கியமான இளைஞர்களுக்குச் சொன்னது, மாத்திரை எடுப்பவரிடம் அதைப் பார்க்காதீர்கள். எழுத்து தெரியாதவருக்குப் பேச்சுச் சோதனை: நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

ஆறு நிமிட நடைச் சோதனைக்கு 30 மீட்டர் நேரான, ஆள் குறுக்கே வராத இடம் வேண்டும். அரசு மருத்துவமனை வராண்டாவில் ஓபி நேரத்தில் அது கிடைக்காது, மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே நடக்காதீர்கள், உங்கள் வேகம் அவர் வேகமாகிவிடும். 'நல்லா நடக்குறீங்க, இன்னும் நாலு நிமிஷம்' என்ற மாதிரி நிமிடத்துக்கு ஒரு முறை ஒரே மாதிரி சொன்னால் போதும், உற்சாகத்தில் விரட்டினால் அடுத்த மாதத்து அளவோடு ஒப்பிட முடியாது. முந்தின மாதத்துக்குள் அட்டாக்கோ நிலையற்ற ஆஞ்சைனாவோ வந்திருந்தால் இந்தச் சோதனை வேண்டாம் என்பது அமெரிக்க தொராசிக் சொசைட்டி 2002ல் எழுதிய விதி. ஓய்வு நாடி 120க்கு மேல், மேல் பிபி 180க்கு மேல் அல்லது கீழ் பிபி 100க்கு மேல் இருந்தாலும் யோசிக்க வேண்டும்.

பயிற்சியின் வடிவம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ஐந்து முதல் பத்து நிமிடம் வார்ம் அப், நடையோ சைக்கிளோ 20 முதல் 30 நிமிடம், பிறகு கூல் டவுன். அந்தக் கடைசிப் பகுதியை நேரமில்லை என்று வெட்டிவிடுகிறார்கள், அதுதான் ஆபத்து. சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தங்கி பிபி விழும், அட்ரினலின் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும், தாளக்கோளாறு வருவதற்கு இதைவிட வசதியான நேரம் இல்லை. நாடி எண்ணுவதையும் நின்று பத்துப் பதினைந்து விநாடிக்குள் முடித்துவிடுங்கள், தாமதித்தால் இறங்கிய நாடியைத்தான் எழுதுவீர்கள்.

எப்போது தொடங்கக் கூடாது, எப்போது நிறுத்துவது

ஓய்வில் மேல் பிபி 180க்கு மேல் அல்லது கீழ் பிபி 110க்கு மேல், ஓய்வு நாடி 120க்கு மேல், நிலையற்ற ஆஞ்சைனா, கட்டுக்குள் வராத தாளக்கோளாறு, பேஸ்மேக்கர் இல்லாத முழு ஹார்ட் ப்ளாக், மூச்சுத்திணறலோடு இருக்கும் ஃபெயிலியர், அறிகுறியோடு கடுமையான அயோர்ட்டிக் வால்வு சுருக்கம், மயோகார்டைட்டிஸ் (இதயத் தசை அழற்சி), காய்ச்சல், புதிதாகக் காலில் ரத்தக்கட்டு. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்குப் பயிற்சி இல்லை. ஃபெயிலியர் நோயாளி வந்ததும் எடை பாருங்கள், இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறியிருந்தால் அது சாப்பாட்டு எடை இல்லை, தண்ணீர்.

நடுவில் நிறுத்துவதற்குப் பட்டியல் நீளம், ஆனால் வார்டில் நினைவுக்கு வர வேண்டியது: நெஞ்சில் புதிதாக எதுவும், பேச முடியாத மூச்சு, தலைசுற்றல், தள்ளாட்டம், முகம் வெளுத்துக் குளிர்ந்து வியர்ப்பது, பிபி இறங்குவது, நாடி திடீரென்று ஒழுங்கு தவறுவது. 'போதும்மா' என்று அவர் சொன்னாலும் அதே கனம்தான்.

நெஞ்சில் அடைக்குது என்றால் உடனே உட்கார வையுங்கள், படுக்கவோ நிற்கவோ வேண்டாம். நாடி, பிபி எடுங்கள், ஒருவர் டாக்டரைக் கூப்பிடட்டும். அவருக்கு எழுதிக்கொடுத்த சார்பிட்ரேட் (நைட்ரேட் மாத்திரை) இருந்து, பிபி குறைவாக இல்லாவிட்டால் நாக்குக்கு அடியில் ஒன்று. ஆண்மைக்குறைவு மாத்திரை எடுத்தாரா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள், சில்டெனாஃபில் எடுத்தவருக்கு நைட்ரேட் கொடுத்தால் பிபி பாதாளத்துக்குப் போகும். ஐந்து நிமிடத்தில் குறையவில்லை என்றால் இதை அட்டாக்காகவே நடத்துங்கள். வீட்டில் என்றால் 108ஐத்தான் கூப்பிட வேண்டும், பக்கத்துத் தெரு கிளினிக்கில் மாத்திரை வாங்கிப் போட்டுக் காத்திருக்கக் கூடாது. அதற்கெல்லாம் முன்பு, ஜிம்முக்குள் போன முதல் நாளே டிஃபிப்ரிலேட்டர் எங்கே, அது சார்ஜில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எடைப் பயிற்சியும் வீட்டுப் பயிற்சியும்

எடை தூக்குவது இதய நோயாளிக்கு ஆகாது என்ற பயம் பழையது. சில வாரம் நடைப் பயிற்சி சிக்கலில்லாமல் போன பிறகு லேசான எடையில், பத்து முதல் பதினைந்து முறை தூக்கக்கூடியதாக, 11 முதல் 13 சிரமத்தில் தொடங்கலாம். பைபாஸ் என்றால் மேல் உடம்புக்கு எலும்பு கூடும்வரை பொறுக்க வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது, தூக்கும்போது வெளியே விட வேண்டும், எண்களைச் சத்தமாக எண்ணச் சொன்னால் அடக்க முடியாது. இதே மூச்சடக்கல் கழிவறையிலும் நடக்கிறது, மலச்சிக்கல் இருக்கிறதா என்று கேட்பதும் கார்டியாக் ரீஹாப்தான்.

அமெரிக்காவில் வாரம் மூன்று முறை, மொத்தம் 36 தடவை மையத்துக்கு வருவது வழக்கம். இங்கே இரண்டு பஸ் மாறி, கூலி வேலையை விட்டுவிட்டு, துணைக்கு ஓர் ஆளோடு யார் அப்படி வருவார்? ஆகவே வீட்டுத் திட்டம்தான் நிஜம், அதை டிஸ்சார்ஜ் சீட்டின் ஓரத்தில் 'தினமும் வாக்கிங்' என்று ஒரு வரியில் எழுதி அனுப்பாதீர்கள். முதல் வாரம் சமதளத்தில் ஐந்து முதல் பத்து நிமிடம், காலை மாலை. சிரமமில்லை என்றால் வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி முப்பதுக்கு வரட்டும், பிறகு வேகம். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழித்து, வெயில் ஏறும் முன். வாரிவிடாத செருப்பு. கூட ஒருவர் நடந்தால் முதல் சில வாரம் நல்லது. 'தண்ணி நிறைய குடிங்க' என்பதை எல்லோருக்கும் சொல்லாதீர்கள், ஃபெயிலியரில் அளவு எழுதியிருப்பார்கள். வாரம் ஒரு போன் போட்டு என்ன நடந்தது என்று கேட்டால், பாதியில் விடுபவர்கள் குறைவார்கள்.

சிலரிடம் கணக்கே வேறு. வாத இதய நோயில் மைட்ரல் வால்வு சுருங்கியவருக்கு நாடி ஏறினால் ரத்தம் நுரையீரலில் தேங்கும், அவரை மெதுவாகவே நடத்த வேண்டும். வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்குச் சின்ன அடியும் பெரிய ரத்தக்கட்டு. ஐசிடி (ஆபத்தான தாளக்கோளாறில் தானே ஷாக் கொடுக்க நெஞ்சில் பொருத்தும் கருவி) பொருத்தியவருக்கு அது ஷாக் கொடுக்கும் நாடி எண்ணைக் கேட்டு அதற்கு 10 கீழே நிற்க வேண்டும், பொருத்திய பக்கத்துக் கையைச் சில வாரம் தோளுக்கு மேல் கொண்டுபோக வேண்டாம்.

ஷீட்டில் எழுதுவது

'நோயாளி நன்றாக ஒத்துழைத்தார், பயிற்சி கொடுக்கப்பட்டது' என்று எழுதுவதால் அடுத்த ஷிப்டில் வருபவருக்கு ஒன்றும் தெரியாது. இப்படி எழுதுங்கள்: ஓய்வில் நாடி 64, பிபி 118/76. வராண்டாவில் 100 மீட்டர், 3 நிமிடம், நடுவில் நிற்கவில்லை. முடிவில் நாடி 82, பிபி 132/78, போர்க் 12, நெஞ்சில் எதுவும் இல்லை, தலைசுற்றல் இல்லை. ஐந்து நிமிடம் கழித்து நாடி 66, பிபி 120/76. நாளை 150 மீட்டர், மாடிப்படி வேண்டாம், ஹீமோகுளோபின் 8.6 என்று டியூட்டி டாக்டரிடம் சொல்லியாயிற்று. கீழே கையெழுத்தும் நேரமும்.